தூங்காத கோழி

அந்தக் கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'அரண்'. வேலங்காட்டுப்புதூர் ஆரம்பப் பள்ளியில் அதை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வெள்ளையாக, உருண்டையாக, தலையில் ஒரு சிவப்பு விளக்கோடு ஆலோசகர் அறையின் மேசைமேல் அது உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று 'கோழி' என்று சொல்லிவிட்டது. அதுவே நிலைத்துவிட்டது. தலைமையாசிரியை கலாமணி ஒருமுறை மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து, "கோழிக்கு சார்ஜ் நிக்கறதே இல்லீங்க சார்" என்று சொல்லி, அங்கிருந்த அதிகாரி பள்ளிக்கூடத்தில் பண்ணை வைத்திருக்கிறீர்களா என்று கேட்ட கதையும் உண்டு.

கோழியின் வேலை கேட்பது. பிள்ளைகள் ஆலோசகரிடம் பேசும்போது அதுவும் கேட்டுக்கொண்டிருக்கும். குரல் எங்கே நடுங்குகிறது, எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு நிற்கிறது, எந்தப் பெயர் வந்ததும் பேச்சு திசை மாறுகிறது, எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து இருக்கிறதா என்று ஓர் அறிக்கை எழுதும். அறிக்கை குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும். பெரியவர்களின் குரலை மட்டும் அது பதிவு செய்யாது. ஆசிரியர் சங்கம் பதினேழு நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய சலுகை அது. பிள்ளைகளுக்குச் சங்கம் கிடையாது.

பெனிட்டா அந்தப் பள்ளிக்கு ஆலோசகராக வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆரம்பப் பள்ளியில் ஆலோசகருக்கு என்ன வேலை என்பது அவளுடைய மாமியாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "பாடம் நடத்தறதில்ல, பரீட்சை வெக்கறதில்ல, அப்புறம் எதுக்கும்மா சம்பளம் குடுக்கறாங்க?" என்பார். பென்சிலைத் திருடியவனையும் பறிகொடுத்தவனையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் களிமண் பிசையவிடுவாள் பெனிட்டா. டிக்டேஷன் என்றாலே வாந்தியெடுக்கும் பிள்ளையின் வகுப்புக்குப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தானும் எழுதி, வேண்டுமென்றே இரண்டு தப்பு விடுவாள். தங்கச்சி பிறந்த பிறகு மறுபடி டவுசரில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தவனுக்கான மாற்று டவுசர் அவளுடைய பீரோவில் மடித்து இருக்கும். அது அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். நல்ல ஆலோசகர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அவளுக்கும்கூட.

சிக்கல் 'முன்சொல்'லில் ஆரம்பித்தது. பிள்ளை பேசத் தொடங்கும் முன் ஆலோசகர் சொல்லியே ஆகவேண்டிய வாக்கியத்துக்கு அந்தப் பெயர். 'உன்னை யாராவது கஷ்டப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா நான் அதை ரகசியமா வெச்சுக்க மாட்டேன். இந்தக் கருவியும் கேட்டுக்கிட்டு இருக்கு.' இதைச் சொல்லாமல் வாங்கிய பேச்சு எந்த விசாரணையிலும் செல்லாது என்பது சட்டம்.

"டீச்சர், இதைச் சொன்னா ஒரு புள்ளையும் வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று வந்த முதல் மாதமே கலாமணியிடம் போய் நின்றாள் பெனிட்டா. "அறுபது பேர் வந்தாங்க. அறுபது பேரும் நேத்து என்ன சாப்பிட்டோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

கலாமணி மதிய உணவு முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ரூல்ஸ் அப்படித்தான அம்மிணி. நீ என்ன பண்ணுவ?"

"ஒருத்தி கையில சூடு போட்ட தழும்பு இருக்குது. நான் பார்த்தேன். முன்சொல் சொன்னதும் கையப் பின்னாடி மறைச்சுக்கிட்டா."

"அப்ப கொஞ்சம் பக்குவமாச் சொல்லிப் பாரு" என்றார் கலாமணி. எந்தப் பக்குவம் என்று அவர் சொல்லவில்லை. முட்டையில் எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தத் தழும்புக்காரிதான் அடுத்த வாரம் வழியும் காட்டினாள். "எங்கூட்டுல பஞ்சாரக் கூடையப் போட்டு மூடினாக் கோழி தூங்கிரும் மிஸ். இது தூங்காதா?"

பெனிட்டா நாற்காலி முதுகில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். "நீயே மூடிப் பாரு."

அவள் மூடினாள். துண்டின் இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சும் போட்டாள். பிறகு பாயில் வந்து உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்குச் சூடு போட்ட சித்தப்பா பத்தே நாளில் ஊரைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டான். பெனிட்டா அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள்.

அதற்குப் பிறகு துண்டு அந்த அறையின் வழக்கம் ஆகிவிட்டது. பிள்ளை தானே கோழியை மூட வேண்டும், தானே முடிச்சுப் போட வேண்டும். "தூங்கிருச்சா?" என்று பெனிட்டா கிசுகிசுப்பாள். பிள்ளை காதை வைத்துப் பார்த்து, "தூங்கிருச்சு" என்று தலையாட்டும். துண்டுக்குள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். துணி மூடினால் காது கேட்காமல் போகிற கருவியை எந்த அரசாங்கமும் வாங்காது என்று பெனிட்டாவுக்குத் தெரியும். பிள்ளை போன பிறகு திரையில் 'முன்சொல் சொல்லப்பட்டதா?' என்ற கேள்வி வரும். அவள் 'ஆம்' என்பதைத் தொடுவாள். முதல் தடவை விரல் தயங்கியது. பத்தாவது தடவைக்கு மேல் தயங்கவில்லை. எல்லாம் அதுங்க நல்லதுக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் வருடம் மாவட்டத்தின் சிறந்த ஆலோசகர் என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

நறுமுகை மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயது. அவள் அம்மா வர்ஷிகா நூல் மில்லில் இரண்டாம் ஷிப்ட் போகிறவள். அப்பா இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை நறுமுகை தானாகவே ஆலோசகர் அறைக்கு வந்தாள். கோழியை மூடினாள். முடிச்சுப் போட்டாள்.

"அம்மா வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போயிரும் மிஸ். எங்க வீதி முக்குல கடை இருக்குதுல்ல, அங்க குடிச்சுட்டு விழுந்து கெடப்பாங்க, அதனால. நானே சோறு போட்டுக்குவேன். போன வாரம் ஒரு நாள் கரண்டு போயிருச்சு. நான் அழுதுட்டேன். அம்மாகிட்ட சொல்லல."

"ஏன் கண்ணு சொல்லல?"

"சொன்னா அது அழுகும். வேலைக்குப் போகாது. நீங்களும் சொல்லாதீங்க மிஸ்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் பெனிட்டா.

மனதுக்குள் அப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை வர்ஷிகாவைக் கூப்பிட்டுப் பேசலாம். பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும் சத்துணவு ஆயா வீட்டில் நறுமுகையைச் சாயங்காலம் விடச் சொல்லலாம். அந்த அம்மாளுக்கும் பேச்சுத்துணை ஆகும். இரண்டு பேச்சில் முடிகிற விஷயம்.

ஆனால் அன்று மாலை அவளுக்குத் திருச்சியில் நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தம். ஐந்து மணிக்குப் பஸ். அந்த வாரம் கோழி எழுதிய பத்தொன்பது அறிக்கைகள் திரையில் காத்திருந்தன. ஒவ்வொன்றையும் படித்து, தேவைப்பட்டால் 'நிறுத்திவை' என்று குறிப்பெழுத ஆலோசகருக்கு அதிகாரம் உண்டு. திரையின் அடியில் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தானும் உண்டு. பெனிட்டா அதைத் தொட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் நறுமுகையின் இடம் காலியாக இருந்தது. பூட்டிய வீடு, தனியாகக் குழந்தை, அழுகை, தாயிடம் மறைத்தல் என்று நான்கையும் கூட்டிக் கோழி 'உடனடி ஆபத்து' என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை மாலை அதிகாரிகள் வந்தபோது வீடு வெளியே பூட்டித்தான் இருந்தது. பூட்டை உடைத்துப் பிள்ளையை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பதினோரு மணிக்கு வர்ஷிகா வந்தாள். மில் பஞ்சு தலைமுடியில் அப்படியே ஒட்டியிருந்தது.

"மிஸ்ஸுங்க, பக்கத்தூட்டுக்காரி போட்டுக் குடுத்துட்டாளுங்க. அவகிட்டத் தண்ணிக்குச் சண்டை போட்டனுங்க போன வாரம். அதுக்கு இப்படிப் பண்ணிட்டா. நேத்து அவ ஊட்டு வாசல்ல போயி மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன்."

பெனிட்டா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வர்ஷிகா உட்காரவில்லை.

"விசாரணைக் கமிட்டி இருக்குதாமா, ஆலோசகர் சொன்னாக் கேப்பாங்களாமா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் புள்ளையக் கொடுமப்படுத்தறவ மாதிரிங்களா தெரியறேன்?"

"இல்லீங்க வர்ஷிகா."

"அதைத்தான் அங்க வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பெனிட்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளைப் பிடுங்கிக்கொள்ளவும் முடியாமல், பிடிக்க விட்டுக்கொண்டு நிற்கவும் முடியாமல் பெனிட்டா நின்றாள். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாவம் செய்யாத பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் விழுந்த மண் தன் தலையில் விழவேண்டியது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காப்பகத்துக்குப் போனாள். பள்ளி ஆலோசகர் என்பதால் உள்ளே விட்டார்கள். சுத்தமான இடம். சுவரில் மயில் வரைந்திருந்தது. நறுமுகைக்கு அளவு பெரிதான ஒரு கவுன் போட்டிருந்தார்கள். பெனிட்டாவைக் கண்டதும் அவள் ஓடிவரவில்லை. நடந்து வந்து, ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டாள். தப்பு செய்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் அப்படி நிற்பதைப் பெனிட்டா பார்த்திருக்கிறாள்.

"சாரி மிஸ்."

"எதுக்கு கண்ணு?"

"நான் முடிச்சு சரியாப் போடல. அவசரமாப் போட்டேன். கோழி முழிச்சுக்கிச்சு." அவள் உதடு கோணியது. "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க. என்னாலதான்னு தெரிஞ்சா அது என்னைக் கூட்டிட்டுப் போக வராது."

பெனிட்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளை ஐந்து நாளாக இதைச் சுமந்துகொண்டு, இந்தப் பெரிய கவுனுக்குள் தூங்கி எழுந்திருக்கிறது. "நீ நல்லாத்தான் முடிச்சுப் போட்ட" என்றாள். "எத்தனை முடிச்சுப் போட்டாலும் அது தூங்காது கண்ணு. அது எப்பவுமே தூங்கினதில்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உன்னை மூடச் சொன்னேன்."

நறுமுகை வெகுநேரம் அவளைப் பார்த்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று பெனிட்டா காத்திருந்தாள். "அப்ப நான் தப்புப் பண்ணலியா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள் பிள்ளை.

விசாரணைக்கு முந்தின நாள் கலாமணி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"சொன்னீன்னா உன் வேலை போயிரும். அத விடு. நாலு வருசமா நீ அனுப்புன எல்லாமே செல்லாமப் போயிரும். இவளுக்கு முன்னாடி இங்கிருந்து போன பதினோரு புள்ளைங்க காப்பகத்துல இருக்குதுக. அதுல நெசமாவே அடிபட்டதும் இருக்குது, மறந்துராத."

"மறக்கல டீச்சர். அதான் நாலு நாளாத் தூக்கமே இல்ல."

"அப்புறமும் சொல்லுவியா?"

"அந்தப் புள்ள நான் பண்ணினதுக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேக்குது டீச்சர்."

கலாமணி மேசைமேல் இருந்த முட்டைக் கணக்கு நோட்டை மூடினார். "பக்குவமாச் சொல்லுன்னு நாந்தான் சொன்னேன்" என்றார். "அதையும் சேர்த்துச் சொல்லிரு." ஆனால் விசாரணையில் அதைப் பெனிட்டா சொல்லவில்லை. தப்பு தன்னுடையது மட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் இருந்த தீபன் என்ற இளம் அதிகாரி கேள்விகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனார். "முன்சொல் சொல்லப்பட்டதா?" என்று கேட்கும்போதே அவர் பேனா 'ஆம்' கட்டத்தில் இருந்தது. எல்லோரும் அதற்கு ஆம் என்றுதான் சொல்வார்கள்.

"இல்லீங்க சார்."

பேனா நின்றது. "இந்தப் பிள்ளைக்கு மட்டும் விட்டுப்போச்சுங்களா?"

"மொத மாசத்துக்கு அப்புறம் எந்தப் பிள்ளைக்குமே சொன்னதில்ல. நாலு வருசமா." துண்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். துண்டு எதற்கு என்று விளக்கிச் சொல்லி முடிக்கும்வரை யாரும் அவளை இடைமறிக்கவில்லை. பின் வரிசையில் வர்ஷிகா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பெனிட்டா பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

அன்று மாலையே நறுமுகை வீட்டுக்கு வந்துவிட்டாள். பெனிட்டாவை வேலையைவிட்டு நீக்கினார்கள். இனி எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் ஆலோசனை சொல்வதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மற்ற பதினோரு பிள்ளைகளின் வீட்டுக்கும் கோழி இல்லாமல் மனிதர்களே நேரில் போய் விசாரித்தார்கள். நான்கு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று முடிவானது. ஏழு பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அதில் ஒருத்தி இரண்டரை வருடம் அங்கே இருந்தவள். தன் அம்மாவை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டாளாம். கலாமணி போனில் சொன்னபோது பெனிட்டா அடுப்பை அணைத்தாள்.

அதன்பின் அவள் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளிக்குப் புது ஆலோசகர் வந்தார். புதுக்கோழியும் வந்தது. அடுத்த ஐந்து மாதத்தில் வேலங்காட்டுப்புதூரிலிருந்து ஓர் அறிக்கைகூடப் போகவில்லை. ஆபத்தே இல்லாத பள்ளி என்று மாவட்டம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தைப் பிரதி எடுக்கக் கலாமணி இந்தக் கடைக்குத்தான் வந்தார்.

"கோழி தூங்காதுன்னு புள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லி வெச்சிருக்குதுக" என்றார். "கோழிகிட்டப் போனா இட்லி சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லணுமாமா. ஒன்னாவது புள்ளைக்குக்கூடத் தெரியுது." பத்துப் பிரதி கேட்டிருந்தார். பத்திலும் 'ஆபத்து: இல்லை' என்ற வரி கறுப்பாக விழுந்து வந்தது. அந்த 'இல்லை'க்குள் எத்தனை பிள்ளைகள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்களோ என்று பெனிட்டாவுக்குத் தோன்றியது. பொய் சொல்லி நறுமுகையோடு எட்டுப் பிள்ளைகளைக் கெடுத்தாள். உண்மையைச் சொல்லி ஒரு பள்ளிக்கூடத்தையே ஊமையாக்கிவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கைதான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, பள்ளி விட்ட நேரம். நறுமுகை கடைப் படியேறி வந்தாள். பல் இரண்டும் முழுதாக முளைத்திருந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சின்னப் பிள்ளை.

"மிஸ், இவ சம்யுக்தா. ஒன்னாவது. இவளுக்கு ஒன்னு சொல்லணுமாமா. அங்க சொல்ல மாட்டாளாமா."

பெனிட்டாவுக்கு எழுதிக் கொடுத்த தாள் ஞாபகம் வந்தது. புது ஆலோசகரிடம் அழைத்துப் போ என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சின்னது ஜெராக்ஸ் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது கேக்குமா?" என்றது.

"இது கேக்காது" என்றாள் பெனிட்டா. மிஷினை அணைத்தாள். வெளியே வந்து, பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தாள். "ஆனா நான் கேப்பேன். சம்யுக்தா, நீ சொல்றதுக்கு முன்னாடி நான் ஒன்னு சொல்லிர்றேன். உன்னை யாராவது கஷ்டப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா, நான் அதை ரகசியமா வெச்சுக்க மாட்டேன். யார்கிட்டச் சொன்னா அது நிக்குமோ அவங்ககிட்டச் சொல்லுவேன்."

முதல் மாதத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையிடமும் சொல்லாத வாக்கியம். இனி இந்தப் பிள்ளையும் இட்லி என்று சொல்லிவிட்டுப் போய்விடும் என்று நினைத்தாள்.

சம்யுக்தா யோசித்தாள். "யார்கிட்ட?"

"கலாமணி டீச்சர்கிட்ட. அப்புறம் ஒரு போலீஸ் அக்காகிட்ட. நீ கூடவே இருக்கலாம்."

இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பாதி சொல்லட்டுமா?"

"பாதி சொல்லு."

நறுமுகை படியில் போய் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள். சம்யுக்தா பெனிட்டாவின் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான்கைந்து வாக்கியம்தான் இருக்கும். பஸ் ஒன்று ஹாரன் அடித்தபோது நிறுத்திக் காத்திருந்து, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

பெனிட்டா அவள் முகத்தைத் துடைத்தாள். தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். "இதை நான் சொல்லத்தான் வேணும் கண்ணு" என்றாள் மெதுவாக.

"தெரியுமுங்க மிஸ்" என்றாள் சம்யுக்தா. "நீங்கதான் மொதல்லயே சொல்லிட்டீங்கல்ல. அதனாலதான் சொன்னேன்."

கடையைப் பூட்டும்போது பெனிட்டாவுக்குச் சாவி துவாரத்தில் ஏறவே இல்லை. முதல் மாதம் வந்துபோன அறுபது பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த வாக்கியத்தை அவள் அன்றைக்குத் தாளைப் பார்த்து வாசித்திருந்தாள், ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல். பாதி சொல்லட்டுமா என்று கேட்கும் அளவுக்கு அவர்களில் யாருக்கும் நேரம் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. நறுமுகை சாவியை வாங்கிப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மூவரும் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார்கள்.